மாசமானவள் கையும் ஆறு சினையாடுகளும்

என் தம்பி ஆட்டுப்பண்ணை வைத்தது யூடியூப் பார்த்து. கிண்டலுக்குச் சொல்லவில்லை, அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்வது அதுதான். எங்கள் அப்பா முப்பது வருஷம் அடுத்தவர் ஆட்டை மேய்த்தவர். எந்தக் கொழையைத் தின்றால் வயிறு ஊதும், எந்த இருமலுக்குப் பயப்பட வேண்டும், எந்த ஆடு ராத்திரி வேலி தாண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் இருந்த காலத்தில் கேட்டிருக்கலாம். ஆனால் அப்பாவிடம் சப்ஸ்கிரைப் பட்டன் இல்லை.

எழுமலையிலிருந்து பேரையூர் போகிற ரோட்டை விட்டு இறங்கி, புழுதிப் பாதையில் கொஞ்ச தூரம் போனால் அவன் தோட்டம். ஒன்றரை ஏக்கர். எங்கள் வம்சத்தில் பட்டா பார்த்த முதல் மண். அதன் நடுவில் ஆள் உயரத்துக்குக் கால் நட்டு, மரச்சட்டம் அடித்து, பரண் கட்டி, அதன் மேல் ஆடுகளை ஏற்றினான். புழுக்கை கீழே விழுந்துவிடும், ஆடு மேலே நிற்கும், நோய் கிட்டவே வராது என்று வீடியோக்காரர் சொல்லியிருந்தார். முதல் இரண்டும் சொன்னபடியே நடந்தன.

நான் டவுனில், வில்லாபுரத்தில் குடியிருக்கிறவன். பகலில் ஒரு கூரியர் ஆபீஸில் ஊரார் பொட்டலங்களுக்குக் காவல், மிச்ச நேரத்தில் வசன கவிதை. ஓரிடத்தில் உட்காரப் பிடிக்காத வியாதி வேறு. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு தம்பி தோட்டத்துக்குப் போய்விடுவேன். "ஐயா இயற்கையத் தேடிக் கிளம்பிட்டாரு" என்பாள் என் வீட்டுக்காரி. "தண்ணி லாரி வார நாளாப் பாத்துத்தான் இயற்கை கூப்பிடும்."

போன ஐப்பசியில் தம்பி சந்தையில் ஆறு சினையாடு பிடித்தான். பால்கன்னி இனம். கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு. யாரோ சுண்ணாம்பில் விரலைத் தோய்த்து, கண்ணுக்கு மேலிருந்து மூக்குவரை இழுத்துவிட்ட மாதிரி இருக்கும். விற்றவர் நல்ல மனுஷர். "மாப்ள, தை மாசம் ஆறும் ஈனும். ரெட்டை ரெட்டையாப் போடும். துண்டைப் போட்டு உக்காந்து பாத்துக்கிட்டே இருங்க" என்றாராம். அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடப் பொய் என்று சொல்ல முடியாது. ஈனின. ரெட்டையாகத்தான் போட்டன. நாங்களும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தோம்.

தம்பி பெண்டாட்டியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பேரையூர்ப் பக்கத்துப் பெண். ஆடு ஈன முடியாமல் தவித்தால் கையை எப்போது வைக்க வேண்டும், எப்போது வைக்கவே கூடாது என்று தெரிந்தவள். மெலிந்த கை, நீளமான விரல். யூடியூப் பார்க்காதவள் என்பதால் பண்ணை நிர்வாகத்தில் அவளுக்குப் பதவி ஏதும் இல்லை. வேலை மட்டும் எல்லாம் அவளுடையது.

கல்யாணமாகி ஏழு வருஷம். இரண்டு தடவை தங்கி, இரண்டு தடவையும் மூன்றாம் மாதத்தில் போய்விட்டது. அந்த ஏழு வருஷமும் எங்கள் சொந்தபந்தம் அவளிடம் ரொம்ப நாகரிகமாக நடந்துகொண்டது. யாரும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. பக்கத்தில் மாடு கன்று போட்டால், "நீ ஏம்மா சிரமப்படுற, அங்கிட்டு நிழல்ல இரு" என்பார்கள். வளைகாப்பு வீட்டில், "உனக்கு ஆட்டு வேலை கெடக்கும், பொறவு வாயேன்." எங்கள் சின்னம்மா, அம்மாவின் தங்கை, அடுத்த தோட்டத்தில் இருக்கிறார். நாகரிகத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மாடு கன்று போட்டதும் விழுகிற நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். கட்டினால் பால் பெருகும். அதை எடுத்துக்கொண்டு போகிற வழியில் இவள் எதிரே வந்தால், சின்னம்மா நின்று, குனிந்து, செருப்பில் ஏறிய முள்ளை எடுப்பார். இவள் தாண்டிப் போனதும் நிமிர்வார். அந்தப் பாதையில் அம்புட்டு முள்.

மூன்றாவது தடவை தங்கியது. மூன்று மாதம் தாண்டியது, நான்கு தாண்டியது. மார்கழியில் ஐந்து முடிந்து வயிறு தெரிந்தபோது ஒரே வாரத்தில் அவள் கை ராசியான கையாகிவிட்டது. எந்த அறிவிப்பும் இல்லை, மன்னிப்பும் இல்லை. சின்னம்மா நேரே பரணுக்கு வந்தார். "மாசமா இருக்கவ தடவிக் குடுத்தா செனை கெட்டியா நிக்கும்டி. காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா எல்லா ஆட்டு வயித்தையும் தொட்டு விடு" என்றார். அப்புறம் தன் மாட்டுக்கும் தொட்டுவிடக் கூப்பிட்டார். போகிற வழியில் முள் ஒன்றும் குத்தவில்லை.

அவள் சந்தோஷமாகத் தொட்டாள். அதை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஆட்டின் வயிற்றிலும் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். இன்னொரு கை தன் வயிற்றின் மேல் இருக்கும்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையன்று முதல் ஆடு குட்டி வீசியது, குறைப்பிரசவமாகத் தள்ளிவிட்டது. நாள் நிறைய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. இரண்டு குட்டி, உடம்பெல்லாம் ரோமம் வந்து, குளம்பு மெழுகாக, எல்லாம் முடிந்து உயிர் மட்டும் வைக்காமல் விட்ட மாதிரி. தாய் ஆட்டுக்கு எந்தக் குறையும் இல்லை. காய்ச்சல் இல்லை, கத்தல் இல்லை. திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு அகத்திக்கொழையைக் கடிக்கப் போய்விட்டது. நஞ்சுக்கொடி மட்டும் நனைந்த செருப்புத் தோல் மாதிரி தடித்துப் பழுப்பேறிக் கிடந்தது. தம்பி பெண்டாட்டி அதைக் கையால் தூக்கிப் பார்த்து, "இது நல்லா இல்ல மச்சான். கொடி இப்படி இருக்காது" என்று என்னிடம் சொன்னாள். அவள் சொன்னதுதான் அந்த மாதம் எங்கள் பண்ணையில் பேசப்பட்ட ஒரே அறிவான பேச்சு. எனவே யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் இரண்டாவது ஆடு. ஒரு குட்டி செத்தே விழுந்தது. இன்னொன்றுக்கு உயிர் இருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து அதை மடியில் போட்டு, முந்தானையால் துடைத்து, மூக்கில் வாய் வைத்து ஊதினாள். அது செருமியது. காலை வெயில் சட்டத்து இடுக்கு வழியாகக் கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது. பொங்கல் லீவுக்கு வந்திருந்த நான் என்ன செய்தேன்? போனை எடுத்தேன்.

"ஒரு நிமிசம்மா. அப்படியே மொகத்துக்கிட்ட வச்சுக்க. இன்னும் கிட்ட."

வைத்தாள். ஈரக் குட்டியின் தலை அவள் கன்னத்தில் ஒட்டியிருந்தது. அந்தப் படத்துக்குக் கீழே எட்டு வரி எழுதிப் போட்டேன். தாய்மை இரண்டு, ஈரம் ஒன்று என்கிற ரகம். நண்பர்கள் இதயம் இதயமாக அனுப்பினார்கள். ஒருவர் கண்ணீர் விட்டதாக எழுதியிருந்தார். குட்டி மறுநாள் விடியுமுன் செத்துப்போனது. அதை நான் பதிவில் சேர்க்கவில்லை. கவிதைக்கு நீளம் கூடிவிடும்.

தம்பி வீடியோக்காரருக்குக் கமெண்ட் போட்டுக் கேட்டான். 'தாது உப்புக் கட்டி தொங்கவிடவும் நண்பரே' என்று பதில் வந்தது. தொங்கவிட்டான். சின்னம்மா கண்ணு பட்டிருச்சு என்றார். அவர் பங்குக்குப் பூசணிக்காய் தொங்கியது. பரணில் ஆடு நிற்க இடம் குறைந்துகொண்டே வந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு பேச்சு எழுந்தது. மாட்டுக்குச் செய்வதை ஆட்டுக்கும் செய்தால் என்ன? வீசின ஆட்டின் கொடியை மாசமானவள் தன் கையாலேயே ஆலமரத்தில் கட்டிவிட்டால் மிச்ச நாலு ஆடும் பிழைக்கும்.

"நீயே கட்டுடி. உன் கைதான் இப்ப நிக்கிற கை" என்றார் சின்னம்மா.

அவள் முகம் மலர்ந்ததை என்னால் மறக்க முடியவில்லை. ஏழு வருஷம் எதிரே வரக்கூடாதவள், வைக்கோல் பொதியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். சின்னம்மா பின்னால் போனார். பொதியிலிருந்து ஒழுகிய தண்ணீர் அவள் சேலையை நனைத்தது. கட்டி முடித்துத் திரும்பி வந்து, அதே கையால் முகத்தை வழித்துவிட்டு, "காப்பி போடவா மச்சான்?" என்றாள். நானும் வாங்கிக் குடித்தேன்.

மூன்றாவது ஆடும் வீசியபோதுதான் மாட்டாஸ்பத்திரி ஞாபகம் வந்தது எங்களுக்கு. எங்கள் பக்கம் அதற்கு மாட்டாஸ்பத்திரி என்றுதான் பேர். ஆட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கக் கூச்சப்படும் இடம். டாக்டரம்மா ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். முப்பது வயது இருக்கும். தலைக்கவசத்தைக் கழற்றுவதற்குள் தம்பி, "மேடம், தாது உப்புக் கட்டி தொங்கவிட்டுருக்கோம்" என்று ஆரம்பித்துவிட்டான்.

"பாத்தேன். பூசணிக்காயும் பாத்தேன்" என்றார் அவர்.

கையுறை மாட்டி, முகக்கவசம் போட்டு, கொடியின் துண்டை டப்பாவில் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்தார். பரணைச் சுற்றிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"வீட்டில யாரும் மாசமா இருக்காங்களா?"

எங்களுக்கு ஒரே பெருமை. இவ்வளவு படித்தவருக்கும் இந்த ராசி தெரிந்திருக்கிறதே! சின்னம்மா, "ஆமாம்மா, இருக்கா! அவதான் எல்லாத்தையும் தொட்டுக் குடுக்குறா!" என்று உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். அகத்திக்கொழைக் கட்டோடு அவள் ஏணிப்பக்கம் வந்து நின்றாள்.

டாக்டரம்மா முகம் மாறியது. "அங்கயே நில்லுங்க. கிட்ட வராதீங்க. இல்ல, இன்னும் தள்ளிப் போங்க. அந்தக் கட்டக் கீழ போட்டுட்டுப் போய் நல்லா சோப்புப் போட்டுக் குளிங்க."

கட்டைக் கீழே போட்டாள். தலை குனிந்தது. அவர் சொன்னது அவள் உயிருக்காக. ஆனால் அவள் காதில் விழுந்தது ஏழு வருஷமாக விழுந்த அதே சொல்தான். தள்ளிப் போ. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள்.

டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். ஆட்டில் சினை கலைவதற்குப் பல காரணம் உண்டு. கன்று வீச்சு நோயாக இருக்கலாம். ஆனால் கடைசி மாதத்தில் இப்படி வரிசையாக விழுவதையும், கொடி தடித்துக் கிடப்பதையும் பார்த்தால் கிளமிடியா என்கிற பாக்டீரியாவாக இருக்குமோ என்று சந்தேகம். எதுவாக இருந்தாலும் ஆபத்து ஆபத்துதான். கொடியிலும் குட்டியிலும் ஈரத்திலும் அது கொட்டிக் கிடக்கும். தொட்ட கை வாய்க்குப் போனாலும், மூச்சில் போனாலும் மனுஷருக்கும் வரும். நமக்கு வந்தால் சளி காய்ச்சலோடு போகலாம். மாசமாக இருப்பவருக்கு வந்தால், ஆட்டுக்குச் செய்ததையே அங்கேயும் செய்யும். தாயையும் விடாது.

"அதுக்குத் தனியா வாழத் தெரியாது சார். இன்னொரு உயிரணுக்குள்ள போய் உக்காந்து, அங்க இருக்கிறதத் தின்னுதான் பெருகும்" என்றார் என்னிடம். படித்த ஆள் மாதிரி தெரிந்தேன் போல.

எனக்கு எங்கள் சொந்தபந்தம் பூராவும் வரிசையாகக் கண்முன் வந்தது. அந்த வரிசையின் கடைசியில் போனும் கையுமாக நானும் நின்றேன். இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட என்று சொன்ன வாய். அங்கேயே நின்று அந்தப் படத்தை அழித்தேன். ஐந்து நிமிஷத்தில் ஒரு நண்பரிடமிருந்து செய்தி வந்தது. 'அற்புதமான பதிவு தோழர், ஏன் நீக்கிவிட்டீர்கள்?'

"இது எங்கருந்து வந்துச்சு மேடம்?" என்றான் தம்பி.

"வாங்கின ஆட்டோட வந்திருக்கும். வித்தவருக்கே தெரிஞ்சிருக்காது. இல்ல, தெரிஞ்சுதான் வித்திருப்பாரு."

வீசின மூன்றையும் தனியே கட்டச் சொன்னார். குட்டி, கொடி, வைக்கோல் எல்லாவற்றையும் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொன்னார். ஆலமரத்தில் தொங்குவதையும் சேர்த்துத்தான். சின்னம்மா வாயைத் திறந்தார். டாக்டரம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். மிச்ச மூன்று சினையாட்டுக்கும் ஊசி போட்டார்.

கிளம்பும்போது பையிலிருந்து சீட்டுக் கட்டை எடுத்தார். "அவங்களுக்குக் காய்ச்சல் வந்தா ஒரு மணிநேரம்கூட வீட்டில வைக்காதீங்க. ஆஸ்பத்திரில இதக் காட்டுங்க. ஆட்டப் பத்திச் சொல்லாம வெறும் காய்ச்சல்னு சொன்னா அங்க இருக்க டாக்டருக்கு இது தோணாது." அவரிடம் இருந்தது மாட்டாஸ்பத்திரிச் சீட்டு மட்டும்தான். அச்சடித்த கட்டங்கள். கால்நடை வகை என்ற இடத்தில் ஒரு கோடு போட்டார். சினை என்ற இடத்தில் ஆறு மாதம். உரிமையாளர் என்ற இடத்தில் தம்பி பெயர். கீழே இங்கிலீஷில் நாலு வரி.

குளித்து ஈரத்தலையோடு வந்தவள் அதை வாங்கிப் படித்தாள். பிறகு தம்பியைத் திரும்பிப் பார்த்து, "உரிமையாளர் இவுகளா?" என்றாள். "தடுப்பூசி போட்டாச்சானு ஒரு கட்டம் இருக்கே, அத ஏன் மேடம் விட்டுட்டீக?" டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

சிரிப்பு அதோடு முடிந்தது. பிரசவம்வரை ஆட்டை விட்டு விலகி எங்களோடு வில்லாபுரத்தில் இரு என்றால் வரமாட்டேன் என்றாள்.

"மூணு ஆடு நிக்குது மச்சான். இவுகளுக்கு வீடியோ பாக்கத்தான் தெரியும். குட்டி குறுக்க விழுந்தா யார் பாப்பா?"

"நான் பாத்துக்கிறேன்" என்றான் தம்பி.

"நீங்க பாத்துக்கிட்டே இருப்பீக. அதுதான் எனக்குப் பயம்." பிறகு குரல் இறங்கியது. "இப்பத்தான மச்சான் என்னையக் கூப்பிட ஆரம்பிச்சாக. இந்தா, மறுபடியும் தள்ளி நில்லுன்னா…"

வார்த்தையை வைத்துப் பிழைக்கிறவன் என்று எனக்குப் பேர்தான். பதில் சொன்னது தம்பி. அவன் அன்றுவரை அவளிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "ஆடு போனாப் போகுதுடி. இன்னொரு தடவ நீ புள்ளயப் பறிகுடுத்துட்டுப் பாயில படுத்துக் கெடக்கிறத என்னால பாக்க முடியாது. போயிரு." அவள் போய்த் துணியை எடுத்து வைத்தாள். ஆட்டைக் காட்டிப் புள்ளைத்தாச்சியை ஊரைவிட்டு அனுப்புகிற அக்கிரமத்தை சின்னம்மா பாதை முனைவரை வந்து சொல்லிக்கொண்டே நின்றார்.

வில்லாபுரத்தில் என் வீட்டுக்காரி அவளை நன்றாகத்தான் வைத்துக்கொண்டாள். ஒன்பது நாள் ஒன்றும் இல்லை. நான் தினமும் ஆபீஸிலிருந்து மூன்று தடவை போன் செய்வேன். "காய்ச்சல் எனக்கு வரலை. போன் வந்து வந்து அக்காவுக்குத்தான் வரப்போகுது" என்பாள். பத்தாம் நாள் மத்தியானம் வீட்டுக்காரியே கூப்பிட்டாள். வழக்கமான கிண்டல் எதுவும் இல்லாமல், "கிளம்பி வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

உடம்பு அனலாகக் கொதித்தது. தலை பிளக்கிறது என்றாள். ஆட்டோவில் போகும்போது இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வேகத்தடைக்கும் கண்ணை மூடிக்கொண்டாள். தம்பி பஸ் பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான். பிரசவ வார்டு வாசலில் இளம் டாக்டர் ஒருவர் கேள்வி கேட்டார். கொசு கடித்ததா, தண்ணீர் எங்கே குடித்தீர்கள், டெங்குவாக இருக்கும். நான் சீட்டை நீட்டினேன்.

மேலே இருந்த பெயரைப் படித்தார். "என்ன சார் இது, மாட்டு டாக்டர் சீட்டு?"

"கீழ படிங்க சார்."

கீழே படித்தார். கிளமிடியா என்ற சொல்லில் கண் நின்றது. சீட்டை மடித்தார். என்னை விட்டுவிட்டுத் தம்பியை ஓரமாகக் கூட்டிப்போனார். ஓரம் என்றால் நாலடி. வரிசையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

"மறைக்காமச் சொல்லுங்க. உங்களுக்கு வெளிய பழக்கம் உண்டா?"

"உண்டு சார். தினம் போறதுதான். மேய்ச்சலுக்கு."

"அதக் கேக்கலை. வேற பொம்பளைங்க கூட…"

தம்பிக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்த்து நான் நடுவில் புகுந்தேன். அந்தப் பேரில் பல சாதி உண்டு சார், நீங்கள் சொல்வது ஆணும் பெண்ணும் சேர்வதில் பரவுவது, இது ஆட்டில் இருந்து வருவது, கிளி புறாவில் இருந்து வருகிற இன்னொன்றுகூட உண்டாம். டாக்டரம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அலங்காரம் இல்லாமல் பேசினேன். வரிசையில் ஓர் அம்மா, "பாவம், நல்லாப் படிச்ச குடும்பம். புருசன்தான் சரியில்ல போல" என்று பக்கத்தில் சொன்னது காதில் விழுந்தது.

நல்லவேளை, பெரிய டாக்டர் அந்தப் பக்கம் வந்தார். வயதானவர், அவசரமில்லாதவர். சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார். "இதக் கையில குடுத்தனுப்பினது யாரு?" என்றார். நம்பரை வாங்கி அங்கேயே நின்று போன் செய்தார். ஆட்டைப் பார்க்கிறவரும் ஆளைப் பார்க்கிறவரும் கால்மணிநேரம் பேசினார்கள். கொடி எப்படி இருந்தது, எத்தனை நாள் தொட்டார், குட்டிக்கு ஊதினாரா? கடைசிக் கேள்விக்கு அவர் என்னைப் பார்த்தார். "ஊதினா சார். மொகத்துல வச்சுக்கிட்டும் இருந்தா" என்றேன். வைக்கச் சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல், வயிற்றுப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்கிற மருந்தாகப் பார்த்து ஏற்ற ஆரம்பித்தார்கள். இரண்டு நாள் காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. ரத்தத்தில் தட்டணு குறைகிறது என்றார்கள். அந்த இரண்டு நாளும் தம்பி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். போனில் ஒரு வீடியோகூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலை அவனுக்கு ஒரு போன் வந்தது. அந்த ஆறு ஆட்டையும் விற்ற சந்தைக்காரர்தான். "வீசின ஆட்ட வச்சுக்கிட்டு என்ன மாப்ள பண்ணப் போற? பாக்க நல்லாத்தான இருக்கு. கொண்டாந்து நிறுத்து, நான் தள்ளி விட்டுர்றேன்."

தம்பி அவளிடம் போய்க் கேட்டான். கையில் ஊசியோடு படுத்திருந்தவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "வித்தா, வாங்குற வீட்டிலயும் ஒருத்தி மாசமா இருப்பா."

அவன் வெளியே வந்து போனில், "வேண்டாம்ணே" என்றான். அடுத்த முனையில் அவர் பேசிக்கொண்டே இருந்தார். அவன் வைத்துவிட்டான்.

அன்று சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. திரும்ப ஏறவில்லை. ஸ்கேன் அறைக்கு என்னை விடவில்லை. கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே மிஷினில் குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. உவமை வேண்டாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சத்தம் கேட்டது, நிற்காமல் கேட்டது, அவ்வளவு போதும். கொஞ்ச நேரத்தில் அவள் குரல். "டாக்டர், இன்னும் மூணு ஆடு ஈன வேண்டியிருக்கு. நான் எப்பப் போகலாம்?" பெரிய டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ஆனால் கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னார்.

லேப் முடிவு பிறகு வந்தது. டாக்டரம்மா சந்தேகப்பட்டதேதான். மிச்ச மூன்றில் ஒன்று வீசியது, இரண்டு நல்லபடியாக ஈனின. தம்பி முழங்கைவரை உறை மாட்டிக்கொண்டு தானே பார்த்தான். சின்னம்மா வில்லாபுரத்துக்கு ஒரு தடவை வந்தார். மாம்பழமும் முறுக்கும் வைத்தார். அந்த மாட்டு டாக்டருக்குக் கண்ணு பொல்லாத கண்ணு என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கொடியைத் தான்தானே கட்டச் சொன்னோம் என்று ஒரு வார்த்தை வருமா என்று பார்த்தேன். வரவில்லை. படத்தைப் பற்றி நானும்தான் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நாகரிகமான குடும்பம்.

வைகாசியில் பெண் குழந்தை பிறந்தது. நாள் நிறைந்து, எடை நிறைந்து, வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி தொண்டையோடு. தம்பிக்குத் தகவல் சொன்னபோது அவன் பரணில் இருந்தான். இருந்த கோலத்தில் கிளம்பி வந்துவிட்டான். கட்டிலுக்கு இரண்டு அடி இருக்கும்போதே அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"அங்கயே நில்லுங்க."

நின்றான்.

"எங்கருந்து வாரீக?"

"தோட்டத்துலருந்துதான்."

"சட்டையக் கழட்டி வெளிய போடுங்க. போய்க் குளிச்சுட்டு வாங்க. நகத்த வெட்டிட்டு வாங்க."

ஆஸ்பத்திரிக்கு எதிரே கட்டணக் குளியலறை இருந்தது. இரண்டு தடவை சோப்புப் போட்டதாகச் சொன்னான். மாற்றுத் துணி இல்லாததால் என் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டான். நான் என் வீட்டுக்காரியின் கிண்டலுக்கு நடுவே பனியனோடு நின்றேன். அவன் திரும்பி வந்து, இரண்டு கையையும் முன்னும் பின்னும் திருப்பி அவளுக்குக் காட்டினான். அவள் விரல் விரலாகப் பார்த்தாள். பிறகுதான் துணிச்சுருளை எடுத்துக் கொடுத்தாள்.

வாங்கியவன் திகைத்து நின்றான். "எப்படிடி புடிக்கிறது?"

"இந்த வருசம் எத்தன குட்டியத் தூக்குனீக? அது மாதிரித்தான்" என்றாள்.

உடனே பதறி எழுந்து உட்கார்ந்தாள். பிறந்த ஆட்டுக்குட்டிக்கு மூக்கில் சளி அடைத்திருந்தால் பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாக இரண்டு சுற்றுச் சுற்றுவது அவன் வழக்கம்.

"இல்ல இல்ல, அது மாதிரி இல்ல! இங்க குடுங்க! கழுத்துக்கு அடியில கைய வைங்க. ஆமா. அப்படியே நில்லுங்க. அசையாதீக."

அவன் அசையவில்லை.